ஷெல் ஸ்கிரிப்ட் கற்க எந்தப் புத்தகம்? - ஒரு குட்டி வரலாறு

வருமான வரிப் புத்தகம் வாங்கும் மாணவர் முதலில் பார்ப்பது அது எந்த ஆண்டின் பதிப்பு என்பதைத்தான். பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தாலும் தொடமாட்டார். அதே மாணவர் ஷெல் ஸ்கிரிப்ட் கற்க பழைய புத்தகக் கடைக்குப் போனால், அட்டையில் 'யூனிக்ஸ்' என்று இருந்தாலே போதும், வாங்கிவிடுவார்! வீட்டுக்கு வந்து புத்தகத்தில் உள்ளபடியே தட்டச்சு செய்தும் பிழை வந்தால், 'நமக்கு இது வராது' என்று மூடி வைத்துவிடுவார். தவறு பெரும்பாலும் அவருடையதல்ல. ஷெல் என்பது ஒன்றல்ல, பல. அந்தக் கதை தெரிந்தால் புத்தகம் தேர்ந்தெடுப்பது சுலபம்.

முதலில், ஷெல் என்றால் என்ன? மவுஸைத் தொடாமல், கட்டளையைத் தட்டச்சு செய்து கணினியிடம் வேலை வாங்கும்போது, அந்தக் கட்டளையைப் படித்து நிறைவேற்றும் நிரல்தான் ஷெல். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட்.

யூனிக்ஸின் முதல் ஷெல்லை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதினார். ஆண்டு 1971. அதில் பெரிய நிரல்கள் எழுத வசதி குறைவு. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஸ்டீபன் போர்ன். அவருடைய ஷெல் 1979இல் யூனிக்ஸின் 7ஆம் பதிப்போடு வந்தது. அல்கால் 68 மொழியின் பாதிப்பால் 'இஃப்' என்று தொடங்குவதை எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'ஃபி' என்று முடித்தார். 'கேஸ்' என்பதற்கு 'எசாக்'. 'டூ'வை மட்டும் 'ஓடி' என்று முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்தது! அதனால் அது 'டன்' ஆயிற்று. இன்றும் அப்படித்தான்.

இந்தப் போர்ன் ஷெல்லை வைத்து 1984இல் பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் எழுதியது 'தி யூனிக்ஸ் புரோகிராமிங் என்விரான்மென்ட்'. சின்னச் சின்னக் கருவிகளைக் குழாய்போல ஒன்றோடொன்று இணைத்து பெரிய வேலையை முடிக்கும் அந்த யோசனை முறைக்கு இன்றும் வயதாகவில்லை. ஆனால் சாதாரண கூட்டல் கழித்தலுக்குக்கூட தனியாக ஒரு கட்டளையை அழைக்கும் பழக்கம் அந்தக் காலத்தோடு போய்விட்டது.

இதற்கிடையே கிளைகள் பிரிந்தன. பெர்க்லியில் பில் ஜாய் சி ஷெல்லை உருவாக்கினார். அதன் இலக்கணமே வேறு. பெல் ஆய்வகத்தில் டேவிட் கார்ன் எழுதிய கார்ன் ஷெல் 1983இல் அறிவிக்கப்பட்டது. 1989இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பேஷ் வெளியானது. 1992இல் போசிக்ஸ் தரம் ஷெல்லுக்கு ஒரு பொது இலக்கணம் வகுத்தது. லினக்ஸ் பரவப் பரவ பேஷும் பரவியது. 1995இல் 'லேர்னிங் தி பேஷ் ஷெல்', 2005இல் பொது இலக்கணத்தில் கவனம் செலுத்தும் 'கிளாசிக் ஷெல் ஸ்கிரிப்டிங்', 2012இல் வில்லியம் ஷாட்ஸின் 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்' என்று புத்தகங்கள் வரிசையாக வந்தன.

சரி, பேஷ் புத்தகம் ஒன்று வாங்கினால் முடிந்ததா? இல்லை. 2006இல் உபுண்டு 6.10, 'எஸ்எச்' என்ற பெயருக்குப் பின்னால் இருந்த பேஷை எடுத்துவிட்டு டேஷ் என்ற சிறிய ஷெல்லை வைத்தது. 'எஸ்எச்' என்று தலைப்பிட்டு பேஷுக்கே உரிய வசதிகளைப் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகள் உடைந்தன. 2019இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் இசட்எஸ்எச் ஷெல்லை இயல்பாக்கியது.

உடைந்தால் திருத்திக்கொள்ளலாம். அழிந்தால்? 2015இல் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு பிழை வெளிச்சத்துக்கு வந்தது. தன் கோப்புறையின் பெயர் இருக்க வேண்டிய மாறி காலியாகிவிட்டால், பயனரின் கோப்புகளை எல்லாம் அழிக்கக் கிளம்பிவிடும். அந்த வரிக்கு அருகிலேயே 'பயமாயிருக்கிறது' என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருந்தது! மாறி காலியாக இருந்தால் அங்கேயே நிறுத்தும் வசதி ஷெல்லில் பல பத்தாண்டுகளாக உண்டு. நல்ல புத்தகம் அதைச் சொல்லித்தரும்.

ஆக, கடையில் நின்று புரட்டும்போது மூன்றைப் பார்த்தால் போதும்:

1. எந்த ஷெல்லுக்கான புத்தகம் என்று ஆரம்பத்திலேயே சொல்கிறதா? அது தன் கணினியில் இருக்கிறதா?

2. ஒரு கட்டளையின் விடையை இன்னொன்றில் பயன்படுத்த பின்சாய்ந்த மேற்கோளை மட்டும் காட்டுகிறதா, டாலர் குறியோடு அடைப்புக்குறியையும் காட்டுகிறதா? முதலாவது மட்டும் என்றால் அது போர்ன் காலத்துப் புத்தகம்.

3. மாறிகளை மேற்கோள் குறிக்குள் வைப்பதை முதல் சில அத்தியாயங்களிலேயே வலியுறுத்துகிறதா? 'மார்ச் கணக்கு' என்று இடைவெளியோடு பெயருள்ள கோப்பை மேற்கோள் இல்லாமல் அழிக்கச் சொன்னால், பேஷ் அதை 'மார்ச்', 'கணக்கு' என்று இரண்டு கோப்புகளாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயர்களில் கோப்புகள் இருந்தால் அவை போய்விடும். அழிக்க நினைத்தது பத்திரமாக இருக்கும்!

காசில்லாத மாணவருக்கும் வழி உண்டு. ஷாட்ஸின் புத்தகத்தை அவரே இணையத்தில் இலவசமாகத் தருகிறார். அதை முடித்த பிறகு, 1984இன் கெர்னிகன்-பைக் புத்தகம் பழைய கடையில் கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்கலாம். கட்டளைகளுக்காக அல்ல, யோசிக்கக் கற்பதற்காக.