வைப்பருக்கும் ஒரு வரலாறு இருக்கு

பண்ணைப் பாலத்தால வேலணைக்குப் போனால் இரண்டு பக்கமும் கடல். மார்கழியில் வாடைக்காற்றோடு மழை அடிச்சால், வைப்பர் இல்லாமல் கார் ஓட்டேலாது. உப்புக்காற்று அதன் இரும்பையும் அரிச்சுப்போடும்.

1903இல் அமெரிக்காவின் மேரி அன்டர்சன் காப்புரிமை பெற்ற வைப்பரைக் கையாலதான் ஆட்டவேணும். 1953இல் வந்த ஃபோர்ட் அங்கிலியாவில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையே அதை ஆட்டியது; அக்சிலேற்றரை அழுத்தி மிதிச்சால் வைப்பர் சோர்ந்துவிடும். மொறிஸ் மைனரில் மின்மோட்டார் வந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் குடாநாட்டுக்கு வரத் தடை. பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கடையில் சாமான் இல்லாத காலத்தில், ஒரு வண்டியின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்துவதுதான் வழி.

அதுக்கு வேலை விளங்கவேணும். வைப்பர் மோட்டார் ஒரே பக்கமாகச் சுத்தும். அதோடு பூட்டிய தண்டுதான் அதை முன்னும் பின்னுமான அசைவாக மாத்தும். கையின் நீளமும் வீச்சும் கண்ணாடிக்கு ஒத்துவராட்டி றபர் சட்டத்தில் அடிக்கும், இல்லாட்டி சாரதியின் கண்ணுக்கு நேரே துடைபடாது.

போர்க்காலத்தை நாங்கள் தாக்குதல்களின் திகதிகளாலேயே எழுதிக்கொண்டிருக்கிறம். அந்தக் கார்களை ஓடவைத்த மெக்கானிக்குகளுக்கு இப்ப வயசாகுது. அவர்களிடம் கேட்டு எழுதவேண்டியது எங்கட தலைமுறைதான்.