வீரன் வீட்டு மண்

1971-ஆம் ஆண்டுப் போரில் பாரதம் பெற்ற வெற்றியின் பொன்விழாவை முன்னிட்டு, 2020 டிசம்பர் 16 அன்று தில்லியிலுள்ள தேசியப் போர் நினைவகத்தின் அணையா ஜோதியிலிருந்து நான்கு சுடர்கள் ஏற்றப்பெற்று நான்கு திக்குகளுக்கும் அனுப்பி வைக்கப்பட்டன. தென்திசை நோக்கி வந்த சுடர் அடுத்த பிப்ரவரியில் திருப்பதியை அடைந்த சமயம், ஆந்திர முதலமைச்சராக இருந்த ஜெகன்மோகன் ரெட்டி, தொண்ணூறு பிராயம் கடந்த ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சித்தூர் வேணுகோபாலின் இல்லத்திற்கே நேரில் சென்று அவரைக் கௌரவித்தார். பரம்வீர் சக்கரமும் மகாவீர் சக்கரமும் பெற்றவர்களின் ஊர் மண்ணை எடுத்துச் சென்று தில்லி நினைவகத்தில் சேர்ப்பது அந்த யாத்திரையின் சம்பிரதாயம். மேடைக்கு வரவழைத்துச் சால்வை போர்த்துவது எளிது. வீடு தேடிச் செல்லும்போதோ, அந்த மனிதர் போர்முனையில் நின்ற காலமெல்லாம் கடிதத்தை எதிர்பார்த்துத் திண்ணையில் காத்திருந்த குடும்பத்தாரும் அந்த மரியாதையில் பங்கு பெறுகிறார்கள் என்பதால், இவ்வழக்கத்தை நான் மிகவும் போற்றுகிறேன்.

அந்தப் போரில் வேணுகோபால் லெப்டினன்ட் கர்னல் பதவியில், முதலாம் கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவின் ஐந்தாம் பட்டாளத்தை நடத்திச் சென்றார். வேங்கடத்தின் அடிவாரத்துப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒருவர், நேபாளத்து மலைமக்களின் தலைவராக நின்று வங்காளத்து வயல்வெளியில் போர் புரிந்தார் என்பதே நமது சேனையின் இயல்பை நன்கு விளக்கும். எல்லையைத் தாண்டியதும் எதிர்ப்பட்ட உத்தலி, தர்சனா என்னும் இரண்டு இடங்களையும் எதிரிகள் பலமாக அரண் செய்து காத்துவந்தனர். தர்சனாவோ இருநாட்டு ரயில் பாதைகளும் கூடுமிடம். அவ்விரண்டையும் கைப்பற்றிய பின்னர், எதிரி மீண்டும் அணிவகுக்க அவகாசம் தராமல் கூர்க்காக்கள் முன்னேற, டிசம்பர் 7 அன்று ஜெனிதா நம் சேனையின் வசமாயிற்று. ஜெசூரையும் குஷ்டியாவையும் இணைக்கும் சாலை அவ்வூர் வழியே செல்வதால், அது வீழ்ந்ததும் வடக்கே இருந்த எதிரிப் படைகளுக்கும் தெற்கே இருந்தவற்றுக்கும் தொடர்பு அறுந்துபோனது. இந்தத் தலைமைக்காகவே அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

வீரனை அவன் ஊரோடும் குடும்பத்தோடும் சேர்த்துக் கௌரவிப்பது சித்தூர், வேலூர் அடங்கிய இந்தச் சீமைக்குப் புதிதன்று. புங்கனூர்ப் பக்கத்தில் பாணர், வைதும்பர் காலத்து வீரக்கற்களும், செங்கம், ஆம்பூர்ப் பக்கத்தில் பல்லவர் காலத்துத் தமிழ் நடுகற்களும் இன்றும் காணக் கிடைக்கின்றன. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரையில் ஆறு படிகளைத் தொல்காப்பியர் வகுத்துச் சொல்கிறார். ஆநிரை மீட்கப் போய் மாண்ட ஒரு சாமானியச் சேவகனுக்குக்கூட, அவன் பெயர் இன்னது, அவன் யாருடைய சேவகன், எந்த ஊர்ப் போரில் பட்டான் என்ற விவரங்களைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அதோடு நில்லாமல், மாண்டவன் குடும்பத்தார் ஜீவிப்பதற்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் நிலம் விட்டார்கள். கல் வீரனுக்கு, காணி குடும்பத்துக்கு என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்பிரதேசத்தில் கண்ட ஏற்பாடு இது.

1911-இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில், வேலூரும் சித்தூரும் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தவையாகவே இருந்தன. சித்தூரே அதன் தலைநகரம். ஜில்லா பிரிந்ததே ஒழிய, பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் எல்லைக்கோட்டின் இருபுறமும் தொடர்ந்தது. வேலூருக்குத் தெற்கே கண்ணமங்கலம் செல்லும் பாதையை ஒட்டியுள்ள கம்மவான்பேட்டையில் தாத்தா, தகப்பன், மகன் என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்தில் சேர்ந்து வருவதால், அக்கம்பக்கத்தார் அதை ராணுவப்பேட்டை என்றே அழைக்கின்றனர். வேலூர் நீளக் கடைவீதியிலுள்ள மணிக்கூண்டில் ஆங்கிலேயர் பதித்த ஒரு கல்வெட்டு உண்டு. முதல் உலக மகாயுத்தத்திற்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் துறந்தனர் என்பதே அதன் வாசகத்தின் சாரம். தொகை இருக்கிறது, ஒரு பெயரும் இல்லை. பல்லவர் காலத்துக் கல்தச்சன் ஒரே ஒரு சேவகனுக்குக் காட்டிய கருணையை, உலகின் பெரும் சாம்ராஜ்யம் அந்தப் பதினால்வருக்குக் காட்டவில்லையே என்ற வருத்தம் அந்தக் கல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்டாகிறது.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்துடன் உயிரிழந்தோருள், அவருடைய தனிப் பாதுகாவலரான லான்ஸ் நாயக் சாய் தேஜாவும் ஒருவர். அவர் அப்போதைய சித்தூர் மாவட்டத்துக் குரபலகோட்டை மண்டலம் எகுவரேகட கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. உடன்பிறந்தவரும் ராணுவத்திலேயே பணியாற்றிவந்தார். மரபணுச் சோதனையினால் அடையாளம் காணப்பட்ட பின்னரே உடல் ஊர் வந்து சேர, டிசம்பர் 12 அன்று ராணுவ மரியாதையுடன் அந்திமக் கிரியைகள் நடந்தேறின. ஆந்திர அரசு அக்குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் வழங்கியது. பழைய உதிரப்பட்டியின் இக்கால வடிவம் என்றே இதனை நான் கருதுகிறேன்.

2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் மீண்டும் பிரிக்கப்பட்டபோது, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சாய் தேஜாவின் கிராமம் அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயிற்று. ஒரு ஜில்லாவின் பதிவேடுகள் இவ்வாறு பலவாகப் பிரியும் காலத்திலேதான், பதக்கம் எதுவும் பெறாத ஆயிரக்கணக்கான ஜவான்களின் பெயர்கள் மறைந்துபோக இடமுண்டாகிறது. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாளில் உண்டியல் குலுக்கி நிதி திரட்டுகிறோம். அந்த ஒரு நாளிலேனும் ஒவ்வொரு பஞ்சாயத்தும், தன் ஊரிலிருந்து எந்தப் போருக்கு யார் யார் சென்றனர், எந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள், யார் திரும்பவில்லை என்பதை விசாரித்து ஏட்டில் எழுதி வைக்கவேண்டும். 1971-இல் இருபது வயதில் போருக்குப் போனவர்களுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. கேட்டால் சொல்வதற்கு அவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.