உவர்ப்பும் ஓதமும்: பிச்சாவரத்து நண்டுகளை முன்வைத்து

கழிமுக நண்டுகளின் பெருக்கத்தை ஆராய்வோர் பெரும்பாலும் முதலில் அளப்பது மேல்நீரின் உவர்ப்பை. அந்த அளவை வைத்தே ஒரு கரையின் நண்டு வளத்தைக் கணித்துவிட முடியாது என்பது என் வாதம். நண்டின் வளையைச் சூழ்ந்திருப்பது மண்ணிடை நீர். அதன் தன்மை, ஓதம் எவ்வளவு தடையின்றி வந்து வடிகிறது என்பதைப் பொறுத்தது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், வடகிழக்குப் பருவமழையின்போது நீரின் உவர்ப்பு வெகுவாக இறங்கும். கோடையில் கடல்நீரை எட்டும். இந்த ஏற்ற இறக்கத்தை வளர்ந்த களிநண்டு தாங்கிக்கொள்கிறது. செவுள்வழி அயனிகளை ஈர்த்து உடல்நீரைச் சீராக்கும் ஆற்றல் அதற்குண்டு. அதன் சோயியா லார்வாவுக்கோ கடலின் உவர்ப்பு வேண்டும். ஆதலால் சினை நண்டு கடலுக்குப் போய்க் குஞ்சு பொரிக்கிறது. மெகலோப்பா என்னும் அடுத்த லார்வாப் பருவத்தை அடைந்தபின் இளநண்டுகள் கழிக்கு வருகின்றன. முகத்துவாரத்தை மணல் மூடினால், உள்ளே நீர் எவ்வளவு நன்றாயிருந்தாலும் இந்த வரத்து நின்றுபோகும்.

மண்ணின் பங்கைப் பிடில் நண்டு தெளிவாகக் காட்டுகிறது. அது சேற்றை வாயிலிட்டு, செவுளறை நீரால் அலசி, வாயுறுப்பின் மயிர்களால் பாசியையும் பாக்டீரியாவையும் பிரித்தெடுத்து, எஞ்சியதை உருண்டையாகத் துப்புகிறது. மணற்பாங்கான இடத்து இனங்களுக்கு அம்மயிர்களின் நுனி கரண்டிபோல் அகன்றிருக்கும். சேற்று இனங்களுக்கு அத்தகைய மயிர்கள் குறைவு. மண் துகளின் பருமன் மாறினால் இனமும் மாறிவிடும். வளைகளை மட்டும் எண்ணும் ஆய்வில் இம்மாற்றம் பதிவாவதில்லை. ஒரே வளைக்குப் பல வாய்கள் இருக்கக்கூடும் என்பதால் எண்ணிக்கையும் ஐயத்துக்குரியதே.

பிச்சாவரத்தின் வரலாறு இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1970கள் வரை அங்கு மரங்கள் பகுதி பகுதியாக முற்றாக வெட்டப்பட்டன. வெயில் பட்ட மண் வற்றி அமிழ்ந்து பள்ளமாயிற்று. ஏறிய ஓதம் வடிய வழியின்றித் தேங்கி ஆவியாக, கன்றுகள் பிழைக்க முடியாத அளவுக்கு மண்ணில் உப்பு மிகுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பிறகே காடு மீண்டது. பக்கத்துக் கால்வாயில் எடுத்த உவர்ப்பு அளவு அப்பள்ளத்து மண்ணின் நிலையை நமக்குச் சொல்லியிருக்காது.

நண்டு இம்மண்ணை ஆக்குவதுமுண்டு. ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் ஸ்மித்தும் அவர் குழுவினரும் அலையாத்திக் காட்டின் சில பாத்திகளிலிருந்து நண்டுகளை ஓராண்டு அகற்றிப் பார்த்து, 1991இல் முடிவை வெளியிட்டனர். மண்ணில் சல்பைடும் அம்மோனியமும் கூடியிருந்தன. மரங்களின் வளர்ச்சி பின்தங்கியது. வளைகள் வழியே மண்ணுக்குள் இறங்கும் காற்றும் ஓதநீரும் நின்றதன் விளைவு இது. நண்டு குறைவதை மண் கெட்டதன் அறிகுறியாக மட்டும் கொள்வது போதாது. அது மேலும் மண் கெடுவதற்குக் காரணமுமாகிறது.

எனவே, வளை ஆழத்து மண்ணிடை நீரின் உவர்ப்பையும் சல்பைடையும், அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய பெரிய ஓதத்திலும் அட்டமியை ஒட்டிய சிறிய ஓதத்திலும் தனித்தனியே அளக்க வேண்டும். வடிகால் திறக்காமல் கன்று நடும் திட்டங்கள், நண்டு மீளும் என்ற நம்பிக்கையை ஆதாரமின்றி முன்வைக்கின்றன.