கேபிளில் தொங்கும் கறுப்பு உருளை

மானிட்டர் கேபிளின் நுனியில், இரையை விழுங்கிய பாம்பு மாதிரி புடைத்துக்கொண்டு ஒரு உருளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு துத்தநாகம், நிக்கல், மாங்கனீசு போன்றவற்றின் ஆக்சைடைச் சேர்த்துச் சூளையில் சுட்ட பீங்கான். காந்தத்துக்கு வசப்படும் மண்பாண்டம் என்றே சொல்லலாம்.

இதன் கதை 1930-ல் டோக்கியோவில், யோகொரோ காத்தோ, தகேஷி தகேய் என்ற இருவரிடம் தொடங்குகிறது. இதைத் தயாரித்து விற்பதற்காகவே 1935-ல் கென்சோ சைத்தோ ஒரு கம்பெனி ஆரம்பித்தார். நாமெல்லாம் பாட்டு பதிந்து கேட்ட கேசட்டின் டிடிகே அதுதான்!

அன்றைய தேவை வேறு. ரேடியோச் சுருளுக்குள் சாதாரண இரும்பை வைத்தால், அதிர்வெண் ஏற ஏற அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடாகும், சிக்னல் வீணாகும். பீங்கான் மின்சாரத்தை லேசில் கடத்தாது, அதனால் இழப்பு குறைவு. நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்னூக் துரத்தியதும் இழப்பில்லாத ஃபெரைட்டைத்தான். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டென்று அவரே 1948-ல் காட்டினார். காந்த ஊடுதிறன் கூடுதலாக உள்ள ஃபெரைட் குறைந்த அதிர்வெண்ணிலேயே தளர்ந்துவிடும், அதன்பின் இழப்பு மளமளவென்று ஏறும்.

கேபிள் உருளை பிழைப்பு நடத்துவது அந்த இழப்பில்தான். வயரில் ஏறிவரும் ரேடியோ அலையை அது வெப்பமாக்கித் தின்றுவிடுகிறது. பாட்டின் அதிர்வெண் மிகக் குறைவு என்பதால் அதைத் தொடுவதில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்தபின் இதற்கு மவுசு கூடியது. அவை பக்கத்து வீட்டு டிவியையும் ரேடியோவையும் கெடுக்க, அமெரிக்க அரசு 1979-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. டிஆர்எஸ்-80-இன் முதல் மாடல் அதோடு சந்தையைவிட்டுப் போனது. (அதன் இரைச்சலைப் பக்கத்தில் வைத்த ரேடியோவில் பிடித்து, விளையாட்டுக்குச் சத்தமாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு!)

நம் வீடுகளுக்கு இந்தத் தொல்லை ஜிஎஸ்எம் செல்போனோடு வந்தது. மணி அடிக்கும் முன்பே ஸ்பீக்கர் 'டிட்-டிட்-டிட்'னு அலறுமே, அது. போன் விநாடிக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டு அலை வீசும். ஸ்பீக்கர் வயர் ஆன்டெனாவாகி அதை உள்ளே கொண்டுபோக, ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர் அதைச் சத்தமாக மாற்றிவிடும். சத்தமான பிறகு ஃபெரைட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் உருளையை ஆம்ப்ளிஃபயருக்குள் வயர் நுழையும் இடத்தை ஒட்டியே மாட்ட வேண்டும். வயரை அதற்குள் இரண்டு தடவை நுழைத்து எடுத்தால் தடுப்பு ஏறக்குறைய நாலு மடங்காகும், ரொம்ப உயர்ந்த அதிர்வெண்களில் அவ்வளவு கிடைக்காது.

கரண்டில் வரும் 50 ஹெர்ட்ஸ் 'உம்ம்' சத்தத்துக்கு இதை வாங்கி மாட்டுவது காசுக்குக் கேடு. அதற்கு எர்த்திங்கைத்தான் பார்க்க வேண்டும்.