கம்பராமாயணச் சொற்போர்கள் (1943)

கம்பராமாயணச் சொற்போர்கள் என்பவை, கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டும் என்ற சுயமரியாதை இயக்கத்தின் கருத்தை ஒட்டி 1943ஆம் ஆண்டில் சென்னையிலும் சேலத்திலும் நடைபெற்ற இரு பொது விவாதங்களாகும். இரண்டிலும் எரிப்பை ஆதரித்துப் பேசியவர் கா. ந. அண்ணாதுரை. சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்த்துப் பேசினர்.

பின்னணி

இந்நூல்கள் ஆரியப் பண்பாட்டை உயர்த்தித் திராவிடரை இழிவுபடுத்துகின்றன என்பது ஈ. வெ. இராமசாமியின் குற்றச்சாட்டு. தமிழின் தலைசிறந்த காப்பியத்தை எரிப்பதா என்று புலவர்கள் கொதித்தனர். ஒரு தரப்பாருக்கு இது தன்மானச் சிக்கல். மறு தரப்பாருக்கோ தாய்மொழியின் செல்வத்தைக் காக்கும் கடமை. இரு தரப்பினரும் தமிழின் பெயராலேயே பேசியதால் பகை மேலும் கூர்மையடைந்தது.

சொற்போர்கள்

முதல் விவாதம் பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்திலும், இரண்டாவது மார்ச் 14 அன்று சேலத்திலும் நடைபெற்றன. தலைவர் ஒருவர் முன்னிலையில், ஒரே மேடையில், இரு தரப்பினரும் தத்தம் வாதத்தை எடுத்துரைத்தனர். தமக்குக் கலைமீது வெறுப்பில்லை என்றும், அக்கலை வழியாகப் பரவும் கருத்தே எதிர்ப்புக்குரியது என்றும் அண்ணா வாதிட்டார். இதனால் கம்பன் நல்ல கவிஞனா என்பதிலிருந்து, கவிநயத்தையும் கருத்தையும் பிரிக்க முடியுமா என்பதற்கு விவாதம் நகர்ந்தது. அண்ணாவின் உரைகள் பின்னர் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலாக வெளிவந்தன.

எதிர்த்தரப்பினர்

எதிர்த்துப் பேசியவர்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவர்கள் அல்லர். சேதுப்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையைச் சேர்ந்த அறிஞர். பின்னாளில் ‘தமிழின்பம்’ நூலுக்காகத் தமிழுக்கான முதல் சாகித்திய அகாதமி விருதை 1955இல் பெற்றவர். பாரதியார், 1937–38இல் கட்டாய இந்தியை எதிர்த்துப் பெரியார், அண்ணா ஆகியோருடன் ஒரே அணியில் நின்றவர். ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ என்ற ஆய்வு நூலின் மூலம் இராமாயணப் பாத்திரங்களை வழிபாட்டு நோக்கின்றி ஆராய்ந்தவரும் அவரே. எனவே எரிப்பை எதிர்த்தவர் அனைவரும் பழமைவாதிகள் என்ற எளிய பிரிவினை இங்குப் பொருந்தவில்லை.

மதிப்பீடு

இச்சொற்போர்கள் கருத்து வேற்றுமையைத் தீர்க்கவில்லை. கம்பராமாயணத்தைக் கடுமையாகத் திறனாய்ந்து ‘கம்பரசம்’ என்ற நூலையும் அண்ணா எழுதினார். ஆயினும், தத்தம் ஆதரவாளர் கூட்டத்தில் மட்டும் பேசிக்கொண்டிருந்த இரு தரப்பினரும், எதிரியின் வலுவான வாதத்தை அவையோர் முன் கேட்டு மறுமொழி கூறும் நிலை இவற்றால் ஏற்பட்டது. அவையில் இருந்தோருக்கும் இரு பக்கத்தையும் ஒருங்கே எடைபோட முடிந்தது.

1968 சனவரியில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினா கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் சிலைகள் நிறுவப்பட்டன. அவற்றுள் கம்பர் சிலையும் ஒன்று.