குடிலில் இடம் கிடைக்காத மருத்துவச்சி

கிறிஸ்மஸ் குடில்ல யார் யாரெல்லாம் இருப்பாங்க? மரியாள், யோசேப்பு, குழந்தை, மேய்ப்பர்கள், மூணு ராஜாக்கள், ஒரு மாடு, ஒரு கழுதை. பிரசவம் நடந்த இடத்துல கழுதைக்குக்கூட இடம் இருக்கு, மருத்துவச்சி எங்கேப்பா?

லூக்கா சுவிசேஷத்தில் அப்படி யாரும் இல்லை. மரியாளே குழந்தையைத் துணியில் சுற்றி முன்னணையில் கிடத்தினாள், அவ்வளவுதான். (மாடும் கழுதையும்கூட அங்கே கிடையாது. அதுங்க பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டதுங்க!)

மருத்துவச்சி வருவது 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'யாக்கோபின் முதல் சுவிசேஷம்' என்ற நூலில். பைபிளில் சேர்க்கப்படாத நூல். ஆனா மரியாளின் அப்பா அம்மா பேரு யோவாக்கிம், அன்னாள்னு சொன்னதே இதுதான். இதில் யோசேப்பு மரியாளை ஒரு குகையில் விட்டுவிட்டு மருத்துவச்சியைத் தேடி ஓடுகிறார். திடீரென்று உலகமே நின்று போகிறது. பறவைகள் வானத்தில் அப்படியே நிற்கின்றன, சாப்பிட உட்கார்ந்தவர்களின் கை பாத்திரத்தில் அப்படியே நிற்கிறது. மறுபடி எல்லாம் அசையும்போது மலையிலிருந்து ஒரு பெண் இறங்கி வருகிறாள். அவள்தான் மருத்துவச்சி. பாவம், அவளுக்குப் பெயரே இல்லை.

குகையில் ஒளி நிறைந்து, அது அடங்கும்போது குழந்தை தெரிகிறது. அசந்துபோய் வெளியே வந்தவள், எதிரே வந்த சலோமேயிடம், கன்னி பெற்றிருக்கிறாள் என்கிறாள். சலோமே நம்பலை. என் விரலால் சோதித்தால்தான் ஒத்துக்குவேன் என்று உள்ளே போகிறாள். சோதிக்கிறாள், கை நெருப்பாய் எரிகிறது. பிறகு தேவதூதன் சொன்னபடி குழந்தையைத் தூக்கியதும் குணமாகிறது. உயிர்த்தெழுந்த இயேசுவைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன்னு அடம்பிடிச்ச தோமாவை நமக்கெல்லாம் தெரியும். அதையே செஞ்ச இந்தம்மாவை எத்தனை பேருக்குத் தெரியும்?

மேட்டருக்கு வர்றேன். இந்த இரண்டு பெண்களும் கதைக்குள் வந்ததே மரியாளின் கன்னிமைக்குச் சாட்சி சொல்லத்தான். கி.பி. 383-இல் புனித ஜெரோம், ஹெல்விதியுஸ் என்பவரை மறுத்து எழுதும்போது இவர்களை ஒரே போடாகப் போட்டு வெளியே தள்ளுகிறார். அங்கே மருத்துவச்சியும் இல்லை, வேறு பெண்களின் உதவியும் இல்லை, தாயே மருத்துவச்சி என்பது அவர் வாதம். அந்த நூல் எதற்காக எழுதப்பட்டது? மரியாளின் கன்னிமையைக் காப்பாற்ற. கூட்டிட்டு வந்த காரணமும் அதுதான், துரத்தின காரணமும் அதுதான்!

ஆனால் ஓவியர்களும் சிற்பிகளும் ஜெரோம் பேச்சைக் கேட்கவில்லை. இத்தாலியின் ரவென்னாவில் இருக்கும் 6-ஆம் நூற்றாண்டு மாக்ஸிமியன் ஆசனத்தின் தந்தச் செதுக்கலில் சலோமே தன் கையைக் காட்டுகிறாள். கிழக்குத் திருச்சபைகளின் பிறப்பு ஓவியங்களில் இன்றும் ஓரத்தில் இரண்டு பெண்கள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள்.

பாமர ஜனங்களும் கேட்கவில்லை போல. இஸ்ரேலின் லாக்கீஷ் பக்கம் ஒரு கல்லறைக் குகை இருக்கிறது. சுவரில் 'பரிசுத்த சலோமே' என்று யாத்ரீகர்கள் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். சலோமே அந்தக் காலத்து யூதப் பெண்களிடம் சர்வசாதாரணமான பெயர், நம்ம ஊர் லட்சுமி மாதிரி. அதனால் உள்ளே புதைக்கப்பட்டது மருத்துவச்சிதான் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஜனங்களுக்கு அந்தப் பெயர் போதுமாக இருந்திருக்கிறது. குகையின் முற்றத்தை 2022-இல் தோண்டியபோது கடை வரிசையும் நூற்றுக்கணக்கான அகல் விளக்குகளும் கிடைத்தன. பெரும்பாலும் 8, 9-ஆம் நூற்றாண்டு விளக்குகள். ஜெரோம் "மருத்துவச்சியே இல்லை" என்று எழுதி நானூறு வருஷம் கழித்தும், அங்கே விளக்கு வியாபாரம் ஜோராக நடந்திருக்கிறது :-)