பள்ளிக்கரணைக்காரர்கள் தந்த நன்னீர்

தாம்பரம் – வேளச்சேரி சாலையில் போகிறவர்கள் பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில் அவர்கள் கடல்நீரைக் குடிநீராக்கினார்கள். அடுப்பு, வெயில்தான். வெயிலில் சூடேறிய மேல்மட்ட நீர், காற்றை உறிஞ்சியெடுத்த தொட்டியில் ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரைப் பம்பு வைத்து ஏற்றி, அந்த ஆவியைக் குளிரவைத்தால் நன்னீர். தினமும் ஒரு லட்சம் லிட்டர்!

லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நமக்கு அது ஏன் வரவில்லை? தீவில் கரையை ஒட்டியே ஆழம் உண்டு. நம் பக்கத்தில் அந்த ஆழத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் கடலுக்குள் போகவேண்டும். 2007-இல் மிதவைக் கப்பலில் அங்கே போய்ச் செய்தும் காட்டினார்கள். கடைசியில், 2013-இல் நெம்மேலியில் வந்ததோ மின்சாரத்தால் அழுத்தி வடிகட்டும் ஆலை. ஆனாலும் கவரத்திக்காரர்களின் தாகம் தீர்ந்ததில் எனக்கு நிறைவே.